முள் கழற்றிய ஷூ

ததேயுஸ் கடலிலிருந்து வந்தால் உடனே வீட்டுக்குள் நுழைய மாட்டார். வெளிக்குழாயில் காலைக் கழுவிவிட்டு, கால் காயட்டும் என்று வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். கைலியின் நுனியை எடுத்து உள்ளங்காலைத் துடைப்பார். பிறகு ஒரு கையால் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வலது காலை உள்ளே வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இடது காலை எடுப்பார். அதற்கப்புறம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஹாலைக் கடந்து, குளிக்கிற அறையான குளிமுறிக்குப் போவார். இது அவருடைய சொந்த மகன் கட்டிய வீடு.

தேங்காய்ப்பட்டணத்தில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. ததேயுஸ் யாரென்று அவர்களுக்குத் தெரியுமே! வள்ளத்தின் பின்பக்கம் அமரத்தில் நின்றபடியே கஞ்சி குடிக்கிற மனுசன். ஆடி மாசத்துக் கடலில் வள்ளம் எழும்பி விழும்போது இளவட்டங்கள் எல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடும். இவர் ஒரு கையில் எஞ்சின் பிடியும் மறுகையில் பீடியுமாக நிற்பார். மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போக ஆரம்பித்தவர். இன்றுவரை வள்ளத்திலும் விழுந்ததில்லை, துறையிலும் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு ஹாலைக் கடக்க சுவரைப் பிடிக்கிறார் என்றால் கோளாறு காலில் இருக்குமா, தரையில் இருக்குமா?

தரையில்தான். மகன் சுஜின் துபாயில் இருந்துகொண்டு வீடியோ காலில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தரை அது. வாசலில் தொடங்கி அடுக்களை, குளிமுறி வாசல் வரைக்கும் ஒரே வெள்ளை டைல்ஸ் ஓடு. குனிந்தால் மூக்கும் மீசையும் அப்படியே தெரியும். நம் மாவட்டத்தில் வெளிநாட்டுப் பணத்தில் எழும்புகிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மதில்மேல் இரண்டு சிங்கம், கேட்டில் தங்கக்கலர் பெயின்ட், உள்ளே கண்ணாடித் தரை. பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தரையில் நடக்கப்போகிறவருக்கு என்ன வயது, அவர் நனைந்த காலோடு வருவாரா காய்ந்த காலோடு வருவாரா என்று ஓட்டுக்கடையில் நின்று யோசிக்கிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

ததேயுஸின் மனைவி இசபெல் அதற்கு ஒரு வழி செய்திருந்தாள். பழைய அரிசிச் சாக்குகளை வெட்டி, வாசலிலிருந்து குளிமுறி வரைக்கும் நீளமாக விரித்துப் போட்டாள். சாக்கு கிடந்த நாட்களில் ததேயுஸ் கை வீசி நடந்தார். ஒரு நாள் வீடியோ காலில் சுஜின் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னம்மா இது? சந்தையில கருவாடு காயப்போட்ட மாதிரி ஹால் முச்சூடும் சாக்கு விரிச்சு வச்சிருக்கிய? ஆளுவ கண்டா என்ன நெனைக்கும்?"

"உனக்க அப்பாக்கு வழுக்குது மக்களே. நானே ரெண்டு மட்டம் சறுக்கி, சொவரப் பிடிச்சு நின்னுட்டேன்."

"பையப் பைய நடந்தா போராதா? எல்லாம் பழகிரும். மொதல்ல அந்தச் சாக்க எடுங்க."

ததேயுஸ் போனைக் கையில் வாங்கினார். மகனிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அதனால் கேட்பதற்கு முன் இரண்டு தடவை இருமினார்.

"மக்கா, அந்தக் குளிமுறிக்க முன்னாடி மட்டும் கொஞ்சம் சொரசொரப்பா உள்ள ஓடு மாத்தலாமா?"

"அய்யோ அப்பா! நடுவுல மாத்துனா ஒட்டுப் போட்ட சட்ட மாதிரி இருக்கும். எவ்வளவு ஆசையாட்டு போட்டேன் தெரியுமா?"

"செரி செரி. பின்ன ஒண்ணு செய்யி. உனக்க கிளப்புல வழுக்காத ஷூ உண்டுன்னு சொன்னியே, ஊருக்கு வரும்போ அதுல ஒரு சோடி கொண்டு வா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ரப்பர் செருப்பு போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தார். தண்ணீர் பட்டால் அது வெறுங்காலைவிட மோசமாக வழுக்கியது.

சுஜினுக்கு வேலையே ஷூதான். துபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பில், ஆட வருகிறவர்கள் உடை மாற்றுகிற அறையில் இருக்கிறான். ஷூவைத் துடைப்பது, தேய்ந்த முள்ளைக் கழற்றிப் புதுமுள் முறுக்குவது, இன்றைக்கு எதைப் போடலாம் என்று கேட்டால் சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. கோல்ஃப் ஷூ இரண்டு வகை. ஒன்றில் அடியில் முள் இருக்கும். முள் என்றால் குத்துகிற முள் அல்ல. விரல் விரித்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் வில்லைகள், திருகி மாட்டுவது. நனைந்த புல்லிலும் சரிவிலும் சேற்றிலும் அது பிடித்து நிற்கும். இன்னொன்று முள்ளில்லாதது. அதன் அடி முழுக்க மெத்தென்ற ரப்பர் மணிகள் இருக்கும். ஓடு, பளிங்கு, சிமென்ட் மாதிரி கெட்டியான தரைக்கு அதுதான் சரி. முள் ஷூவைப் போட்டுக்கொண்டு பளிங்கில் நடந்தால் சறுக்கிவிடும்.

இதெல்லாம் சுஜினுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். வானத்தைப் பார்ப்பான், புல்லின் ஈரத்தைப் பார்ப்பான், "இன்னைக்கு முள் வேண்டாம் சார்" என்பான். கிளப்பின் பளிங்குத் தரையில் முள் ஷூக்காரர்கள் நடப்பதற்கென்றே கம்பளம் விரித்திருக்கிறார்கள். யாராவது பேச்சு சுவாரசியத்தில் கம்பளத்தை விட்டுக் காலை வெளியே எடுத்து வைத்தால் இவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வான். ஊரும் பேரும் தெரியாதவர்களின் காலுக்கு அவ்வளவு கரிசனம். வீட்டில் அம்மா விரித்த சாக்கை எடுக்கச் சொன்னதும் இதே சுஜின்தான்.

ஆனாலும் அவனைக் கெட்டவன் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அப்பா கேட்டதை அவன் மறக்கவில்லை. கிளப்பில் ஒரு வயதான வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது, அதிகம் போடாத இரண்டு சோடி ஷூவை இவனிடம் கொடுத்தார். ஒன்று கறுப்பு, முள் வைத்தது. மற்றது வெள்ளை, முள்ளில்லாதது. சுஜின் அங்கேயே முடிவு செய்துவிட்டான். வெள்ளை அப்பாவுக்கு. கறுப்பு அத்தான் லிஜினுக்கு. லிஜின் அவனுடைய அக்காள் அஜிதாவின் கணவன்; திற்பரப்புப் பக்கம் சரிவில் ரப்பர் தோட்டம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். மழைக்காலத்தில் அந்தச் சேற்றில் ஏறி இறங்க முள் ஷூவைவிட நல்லது கிடையாது. எவ்வளவு சரியான முடிவு! அந்த முடிவில் நின்றிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆடி மழையில் சுஜின் ஊருக்கு வந்தான். இந்தத் தடவை வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. குளச்சலுக்குப் பக்கத்தில் பிரிஜா என்று ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணை இவர்கள் பார்த்தாயிற்று. இனி அவர்கள் வீடு காண வர வேண்டும். நம் பக்கத்தில் இது ஒரு பெரிய காரியம். பெண்ணின் அப்பா, மாமன், சித்தப்பா என்று ஒரு வண்டி ஆள் வந்து, பையனின் வீட்டைச் சுற்றிப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, அடுக்களை வரைக்கும் போய்விட்டு வந்து காப்பி குடித்தால்தான் பேச்சு உறுதியாகும். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பெண்ணின் அப்பா குமாரதாஸ் சொல்லியனுப்பியிருந்தார். சுஜின் எடுக்கச் சொன்ன பிறகு இசபெல் சுருட்டி வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த சாக்குகளும் அந்தச் செய்தியோடு விறகுப்புரைக்குப் போயின.

வெளிநாட்டிலிருந்து வந்தவன் பெட்டி திறப்பதென்றால் எங்கள் கரையில் அதுவும் ஒரு சடங்குதான். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். அன்றும் ஹால் நிறைந்திருந்தது. சோப்பு, சென்ட், பால்பொடி, பாதாம், தலைவலித் தைலம், டார்ச் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆனால் பாதிக் கண்கள் பெட்டியில் இல்லை, தரையில்தான் இருந்தன.

"ஏ அம்மா, என்ன தரை! இதுல சோத்தப் போட்டுத் திங்கலாம்!" என்றாள் ஒரு சித்தி. "குமாரதாஸ் கண்டா அப்படியே மலைச்சுப் போவாரு. குளச்சல்ல அவருக்க வீட்டுலகூட இப்படி இல்ல."

சுஜினுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நேரத்தில்தான் லிஜின் பெட்டிக்குள் கையை விட்டு வெள்ளை ஷூவைத் தூக்கினான். பெட்டியில் முதல் தெரிவு வீட்டு மருமகனுக்கு என்பது பழக்கம்.

"கொள்ளாமே மாப்ள இது! நமக்குத்தானா?"

"அத்தான், உங்களுக்கு அந்தக் கறுப்பாக்கும். தோட்டத்துக்கு நல்லா இருக்கும்."

லிஜின் கறுப்பைத் திருப்பிப் பார்த்தான். "இது என்ன, அடியில பலாக்கா மாதிரி? இதப் போட்டுட்டு நான் எங்க போவேன்? வெள்ளைன்னா கோயிலுக்குப் போலாம், கல்யாணத்துக்குப் போலாம். நான் இத எடுத்துக்கிடுதேன், என்ன?"

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'அது அப்பாக்கு வச்சிருக்கேன் அத்தான், அவியளுக்கு இந்தத் தரை வழுக்குது.' அவ்வளவுதான். லிஜின் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சித்தி கேட்பாள். சித்தி கேட்டால் மறுநாள் மீன்சந்தை கேட்கும், அதற்கடுத்த நாள் குளச்சல் கேட்கும். 'இம்புட்டு பைசா செலவாக்கி வழுக்குத் தரை போட்டிருக்கானாம்' என்று ஊர் சிரிக்கும். சுஜின் வாயைத் திறந்தான், மூடினான்.

"எடுங்க அத்தான். உங்களுக்கு இல்லாததா?" என்றான்.

ததேயுஸ் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஷூ யாருக்கென்று மகன் போனிலேயே சொல்லியிருந்தான். இருந்தாலும் அவர் சிரித்தார். "மருமவனுக்கு நல்ல சேருது. அவரு போடட்டு" என்றார்.

மறுநாள் மத்தியானம் சுஜின், ஓட்டுக்கு முள் ஷூ ஆகாது என்று தெரிந்தும், கேட்ட அப்பாவுக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே என்று கறுப்பு ஷூவை அவர் காலில் மாட்டிவிட்டான். அளவு கச்சிதமாக இருந்தது. ததேயுஸ் முற்றத்தில் நடந்து பார்த்தார். ஈர மண்ணில் நன்றாகப் பிடித்தது. சின்னப்பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டே ஹாலுக்குள் ஏறினார். கடக், கடக் என்று சத்தம். முள்ளுக்கிடையில் முற்றத்து மணல் ஒட்டியிருந்தது. அவர் நடந்த இடத்தில் வெள்ளை ஓட்டில் மெல்லியதாக ஒரு கீறல் விழுந்தது.

"அப்பா, நில்லுங்க! கழத்துங்க, கழத்துங்க!"

சுஜின் முழங்காலிட்டு அந்தக் கீறலை எச்சில் தொட்டுத் தேய்த்தான். அது போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை குமாரதாஸ் வருவார், குனிந்து பார்ப்பார்.  உள்ளே போய் முள் கழற்றுகிற திருகுசாவியை எடுத்து வந்தான். தொழில்காரன் ஆயிற்றே, சாவி இல்லாமலா வருவான்? வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகத் திருகி எடுத்தான். எல்லாம் எடுத்த பிறகு அடியில் மிஞ்சியது வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக்கும் வெறும் குழிகளும்தான்.

"ஏன் மக்கா அத எடுக்க?"

"முள்ளு ஓட்டக் கீறுது அப்பா. இப்ப பாருங்க, மத்த வெள்ளை ஷூ மாதிரியே ஆயாச்சு."

"முள்ளு இல்லாம வழுக்காதா?"

"வழுக்காது. கம்பெனி சாதனமாக்கும். தைரியமாட்டு நடங்க."

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருக்கிறது எனக்கு. ஒரு முள் உதிர்ந்த ஷூவோடு வந்த ஆளைக்கூட ஆட்டத்துக்கு விடாமல் நிறுத்தி, "சார், சறுக்கிரும், இருங்க" என்று புதுமுள் முறுக்கி அனுப்பியவன் அவன். மொத்த முள்ளையும் கழற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று கழியட்டும், அப்புறம் ஓட்டுக்குச் சரியான ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ததேயுஸ் கடலுக்குப் போனார். "பெண்ணு வீட்டுக்காரிய வாறாவ, சந்தை மீனா குடுக்கது? நானே கொண்டு வாறேன்" என்று இசபெலிடம் சொல்லிவிட்டுப் போனார். சொன்ன மாதிரியே நல்ல நெய்மீன் ஒன்று கிடைத்தது. மழையில் நனைந்துகொண்டே, மீனை ஒரு பிளாஸ்டிக் தட்டத்தில் வைத்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் காலைக் கழுவி, வராந்தாவில் இருந்த ஷூவைப் போட்டுக்கொண்டார்.

வழக்கமாகக் கதவுநிலையைப் பிடிப்பவர் அன்று பிடிக்கவில்லை. கையில் மீன் இருந்தது ஒரு காரணம். மகன் வழுக்காது என்று சொல்லியிருந்தது இன்னொரு காரணம். "இசபெல்லே, ஏட்டி, இஞ்ச பாரு!" என்று கூப்பிட்டுக்கொண்டே, வள்ளத்தில் நடக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி ஹாலுக்குள் நடந்தார்.

சத்தம் கேட்டு சுஜின் அறையிலிருந்து ஓடி வந்தான். நெய்மீன் ஹாலின் குறுக்கே சறுக்கிப் போய் டிவி மேசையடியில் கிடந்தது. தட்டம் கவிழ்ந்து கிடந்தது. அப்பா ஒரு பக்கமாக விழுந்து கிடந்தார். வலது கால் இருக்க வேண்டிய மாதிரி இல்லை, வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இசபெல் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். ததேயுஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மகனின் முகத்தைப் பார்த்தார். மகனுக்கு எது பெரிது என்று அவருக்குத் தெரியும். அதனால் முதலில் அதைத்தான் கேட்டார்.

"தட்டம் கையிலேருந்து போச்சு மக்களே. ஓடு ஒண்ணும் பொட்டலியே?"

ஓடு உடையவில்லை. இடுப்பெலும்புதான் உடைந்தது.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். நன்றாகத்தான் முடிந்தது என்றார் டாக்டர். ஊன்றி நடக்கிற நாலுகால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், ஆனால் பார்த்து நடக்க வேண்டும் என்றார். ததேயுஸ் கட்டிலில் கிடந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடலுக்கு எப்பம் போலாம்?"

டாக்டர் நல்ல மனுசர், மெதுவாகத்தான் சொன்னார். "கடலா? இனி அத மறந்துருங்க ஐயா."

ததேயுஸ் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். 

இதோடு விட்டானா சுஜின்? இன்னும் ஒன்று செய்தான். ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து எப்படி விழுந்தார் என்று கேட்டபோது, "துறையில, வள்ளத்துலேருந்து எறங்கும்போ வழுக்கிட்டு" என்று சொல்லிவிட்டான். அவன் வாயில் அது தானாக வந்தது. குளச்சலுக்கும் அந்தச் செய்திதான் போனது; அவர்கள் வீடு காண வருவதும் தள்ளிப்போனது. வந்தவர்கள் எல்லாம் ததேயுஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில கடலு உம்மளயும் சாய்ச்சுட்டே!" என்றார்கள். ஆயுசு முழுக்கக் கடலில் விழாத மனுசன் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை. மகனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு லிஜினும் அஜிதாவும் வந்தார்கள். நடந்தது முழுவதும் அஜிதாவுக்கு அம்மா மூலம் தெரிந்துவிட்டது. லிஜின் ஒரு பையிலிருந்து வெள்ளை ஷூவை எடுத்து மேசைமேல் வைத்தான். அதில் இன்னும் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை.

"இது அப்பாக்குன்னு ஏன் மாப்ள சொல்லல?"

சுஜின் அந்த ஷூவை எடுத்துத் திருப்பி அதன் அடியைப் பார்த்தான்.

"வெள்ளையா கண்டேன், எடுத்தேன். எனக்கு என்ன தெரியும் முள்ளும் மொட்டும்? எனக்குத் தோட்டத்துச் சேத்துல அந்தக் கறுப்புதான் கொள்ளாம்னு நீ வெவரமா சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டேனா? ஒரு வார்த்த மாப்ள! எனக்க மாமனாருக்க காலு போச்சே!" என்றான் லிஜின்.

"தரை வழுக்குதுன்னு சொல்ல அவனுக்கு நாணம்" என்றாள் அஜிதா. தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். வீங்கிய அந்தக் காலில் இப்போதைக்கு எந்த ஷூவும் ஏறாது என்று பார்த்ததும் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு சுஜின் விறகுப்புரைக்குப் போய்ச் சாக்குகளை எடுத்து உதறினான். ஹாலில் ஒவ்வொன்றாக விரித்தான். விரித்து முடிந்ததும் அதன்மேலேயே உட்கார்ந்து அழுதான். என்ன அழுது என்ன? அழுகையில் ஒட்டுகிற எலும்பு உண்டா? அப்பா கேட்டது ஒரு சதுரம் சொரசொரப்பான ஓடு. அதைக் கொடுத்திருக்கலாம். ஒரு சோடி ஷூ கேட்டார். கையில் கொண்டுவந்த அதையாவது கொடுத்திருக்கலாம். சாக்கு கிடக்கட்டும் என்று சும்மா விட்டிருந்தால்கூடப் போதும். இப்படி ஒவ்வொன்றாக அவன் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

லீவை நீட்டியிருந்தான். அது முடிவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரதாஸ் தன் ஆட்களோடு வீடு காண வந்தார். வண்டி வந்து நிற்கும்போதே இசபெல் பதறிப்போய்ச் சாக்குப் பக்கம் குனிந்தாள்.

"அவிய வந்தாச்சு மக்களே. இத எடுத்துரட்டா?"

"வேண்டாம்மா. கெடக்கட்டு."

குமாரதாஸ் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். சாக்குகளுக்கு இரண்டு பக்கமும் தரை பளபளவென்று மின்னியது. அவருக்குக் கண் விரிந்தது.

"அம்மாடி, கண்ணாடில்லா போட்டிருக்கு! இதப்போய் சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கியளே! எந்தக் கடையில எடுத்தது மருமவனே? நானும் மாடி எடுக்கேன். எனக்கும் இதே ஓடுதான் போடணும்."

பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஹாலில் நின்றிருந்தார்கள். உள்ளறையின் கதவு திறந்திருந்தது. ததேயுஸ் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, சாக்குல மட்டும் மிதிச்சு வாருங்க" என்றான் சுஜின். "தரை வழுக்கும்."

சித்தி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை.

"இந்த ஓடு போடாதிய மாமா. எங்க அப்பா இதுலதான் விழுந்தாவ."

குமாரதாஸ் புருவத்தை உயர்த்தினார். "துறையில விழுந்தாருன்னுல்லா நாங்க கேட்டோம்?"

"அது நான் சொன்ன பொய். எங்க அப்பா கடல்ல ஒரு நாளும் விழுந்தது இல்ல. துறையிலயும் விழுந்தது இல்ல. இந்த வீட்டுலதான் விழுந்தாவ. நான் போட்ட தரையில, நான் முள்ளக் கழத்திக் குடுத்த ஷூவப் போட்டு. ஓடு கீறிரப்படாதுன்னு கழத்துனேன். நீங்க வந்து பாக்கும்போ தரை நல்லா இருக்கணும்லா, அதுக்கு." அவன் உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். "ஷூ தொடைக்கதுதான் மாமா எனக்கு வேல. எவன் காலுக்கு எது வழுக்கும், எது வழுக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும் எனக்க அப்பாக்க காலப் பாக்காம, உங்க கண்ணப் பாத்தேன். வீடு காண வாறவியளுக்குன்னு வீடு கெட்டாதிய மாமா. அவிய காப்பி குடிச்சிட்டுப் போயிருவாவ. வீட்டுக்குள்ள தெனமும் நடக்கவியளுக்க காலப் பாத்துக் கெட்டுங்க. எங்க அப்பா ஒரே ஒரு சதுரம் கேட்டாவ, நான் குடுக்கல."

 குமாரதாஸ் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்கின்மேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, நேராக உள்ளறைக்குப் போனார். வீட்டின் மற்ற எந்த அறையையும் அவர் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ததேயுஸின் கையைப் பிடித்துக்கொண்டார். ததேயுஸ் மகன் சொன்னது அத்தனையும் கேட்டிருந்தார். அவருக்குக் கண் நிறைந்திருந்தது.

இனி அவர் கடலுக்குப் போகப்போவதில்லை. ஆனால் கடல் அவரைச் சாய்த்துவிட்டது என்று இனி ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மகனால் அப்பாவுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.